5 வாக்கில் தோற்றது, 43 வாக்கில் வென்றது: அயர்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்த கதை

1799 ஜனவரியில் டப்ளின் நாடாளுமன்றத்தில் ஒரு யோசனை ஐந்து வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதே யோசனை, அதே சபையில், 1800 பிப்ரவரியில் 158க்கு 115 என்று 43 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. இடையில் பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. யோசனை இதுதான்: அயர்லாந்து ராஜ்ஜியத்தின் நாடாளுமன்றத்தை இழுத்து மூடிவிட்டு, அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைப்பது. தங்கள் சபைக்குத் தாங்களே சமாதி கட்டும்படி உறுப்பினர்களைக் கேட்டார்கள், கட்டிக் கொடுத்தார்கள்.

ஓராண்டுக்குள் மனம் மாறியது எப்படி என்று கேட்டால், அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார்கள்: லஞ்சம். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், அந்த இணைப்பு அடுத்த 120 ஆண்டுகளும் பிரிட்டிஷ் அரசியலுக்குத் தீராத தலைவலியாக இருந்தது ஏன் என்பது விளங்காது. பணம் கொடுத்து வாங்கிய வாக்குகளைவிட, வேண்டுமென்றே எழுதாமல் விட்ட ஒரு வாக்குறுதிதான் அந்தச் சட்டத்தின் தலையெழுத்தை முடிவுசெய்தது என்பது என் எண்ணம்.

ஒரே மன்னர், இரண்டு சபைகள்

1541 முதல் இங்கிலாந்து மன்னரே அயர்லாந்துக்கும் மன்னர். ஆனாலும் அயர்லாந்து தனி ராஜ்ஜியம். டப்ளினில் அதற்கென்று ஒரு பிரபுக்கள் சபையும் ஒரு காமன்ஸ் சபையும் இருந்தன. நெடுங்காலம் அது பல் பிடுங்கிய பாம்பாகவே இருந்தது. லண்டனின் முன் ஒப்புதல் இல்லாமல் டப்ளினில் மசோதா எதுவும் கொண்டுவரக் கூடாது என்று 1494ஆம் ஆண்டின் பாய்னிங்ஸ் சட்டம் தடுத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நினைத்தால் அயர்லாந்துக்கு நேரடியாகவே சட்டம் இயற்றலாம் என்று 1720ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. அமெரிக்கப் போரில் பிரிட்டன் சிக்கித் திணறியபோது அயர்லாந்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. பிரெஞ்சுப் படையெடுப்பைத் தடுக்கப் போவதாகச் சொல்லித் துப்பாக்கி ஏந்திய தொண்டர் படைகள் வெளியே அணிவகுக்க, உள்ளே ஹென்றி கிராட்டன் முழங்க, 1782இல் இந்தக் கட்டுகள் அறுந்தன. அன்றிலிருந்து 1800 வரை இருந்த சபையைக் கிராட்டன் நாடாளுமன்றம் என்றே வரலாறு அழைக்கிறது.

பெயர் பெரியது; அதிகாரம் அவ்வளவு இல்லை. டப்ளின் கோட்டையில் வீற்றிருந்த வைஸ்ராயையும் தலைமைச் செயலரையும் லண்டன் அமைச்சரவையே நியமித்தது. சபையில் தோற்றாலும் அவர்கள் பதவி விலக வேண்டியதில்லை. எனவே சபையை வழிக்குக் கொண்டுவர நிர்வாகத்தின் கையில் எப்போதும் இருந்த கருவிகள் பதவி, ஓய்வூதியம், பட்டம் ஆகிய மூன்றும்தான். 1800இல் நடந்ததைப் படித்து அதிர்ச்சி அடைபவர்கள், அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளும் ஆட்சி இதே எண்ணெயில்தான் ஓடியது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சபையில் இருந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். மொத்தம் 300 பேர். 32 மாவட்டங்களுக்குத் தலா இருவர் வீதம் 64 பேர், டப்ளின் பல்கலைக்கழகத்துக்கு இருவர். மீதி 234 பேரும் ‘பரோ’ எனப்பட்ட 117 நகரத் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பிரபுவின் சட்டைப் பையில் இருந்தன. வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் பேனோ என்ற பழைய துறைமுக ஊர் மணலில் புதைந்து மறைந்தே போயிருந்தது. இடிந்த சுவர்களைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊர் தவறாமல் இரண்டு உறுப்பினர்களை டப்ளினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்னொரு புறம், மக்கள்தொகையில் முக்கால் பங்குக்கு மேல் இருந்த கத்தோலிக்கர்களில் ஒருவர்கூட உறுப்பினர் ஆக முடியாது. 1793இல் அவர்களுக்கு வாக்குரிமை மட்டும் கிடைத்தது. தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்படக் கூடாது. ஆக, 1799இல் ‘அயர்லாந்து நாட்டின் சுதந்திரம்’ என்று சபையில் எழுந்த முழக்கம் எல்லாமே, நிலம் வைத்திருந்த ஒரு சிறுபான்மைப் புராட்டஸ்டண்ட் வகுப்பின் குரல்தான்.

பிட்டின் அச்சம்

பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டுக்கு இந்த இரட்டைச் சபை ஏற்பாடு முன்பே உறுத்தியிருக்கிறது. 1785இல் இரு நாடுகளுக்கும் இடையே வணிக ஒப்பந்தம் செய்ய அவர் எடுத்த முயற்சி டப்ளினில் முறிந்தது. 1788 இறுதியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சித்தம் கலங்கியபோது நிலைமை இன்னும் விபரீதமானது. இளவரசருக்கு வரம்புக்கு உட்பட்ட அதிகாரம் தரலாம் என்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலோசித்துக்கொண்டிருந்தது; டப்ளினோ, முழு அதிகாரத்தோடு ஆட்சியை ஏற்கும்படி அவரை நேரடியாகவே அழைத்துவிட்டது. மன்னர் தெளிந்து எழுந்ததால் பிரச்சினை ஓய்ந்தது. ஒரு மகுடத்துக்கு இரண்டு விதமான பிரதிநிதிகள் வரக்கூடும் என்ற பயம் மட்டும் ஓயவில்லை.

அதற்குள் பிரான்ஸோடு போர் மூண்டது. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று அயர்லாந்தின் தென்மேற்கு மூலையான பான்ட்ரி விரிகுடா வரை வந்துவிட்டது. புயல்தான் திருப்பி அனுப்பியது; பிரிட்டிஷ் கடற்படை அல்ல. 1798 கோடையில், பிரிட்டனிலிருந்து பிரிந்து குடியரசாக விரும்பிய ‘ஐக்கிய அயர்லாந்தினர்’ இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தது. வெக்ஸ்ஃபோர்டு, ஆண்ட்ரிம், டவுன் மாவட்டங்களில் ரத்தம் ஆறாக ஓடியது. ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை ஒன்று ஆகஸ்டில் மேற்குக் கரையில் இறங்கியே விட்டது, செப்டம்பரில் சரணடைந்தது. இறந்தோர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவர்கள்கூடப் பத்தாயிரத்துக்குக் கீழே போவதில்லை.

இந்தக் களேபரத்தின் நடுவே 1798 ஜூனில் வைஸ்ராயாக வந்து இறங்கியவர் நமக்குத் தெரிந்த ஆள்தான்: காரன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்றவர், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாகப் பெற்றவர். அந்தக் காட்சியைப் பீடத்தில் செதுக்கிய அவருடைய பளிங்குச் சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவருக்குத் துணையாகத் தலைமைச் செயலர் பொறுப்பில் இருந்தவர் காசில்ரே, முப்பது வயதைத் தொடாத இளைஞர். டப்ளின் தலைமைச் செயலர் பதவி சென்னைக்கும் அந்நியமானதல்ல. முன்பு அதை வகித்த ஹோபர்ட், 1794 முதல் 1798 வரை சென்னை ஆளுநராக இருந்தார்.

காரன்வாலிஸ் டப்ளினில் பேரம் பேசிக்கொண்டிருந்த அதே 1799இல், தஞ்சாவூரின் ஆட்சி சரபோஜியிடமிருந்து ஒரே ஒப்பந்தத்தில் கம்பெனியின் கைக்கு மாறியது. 1801இல் ஆற்காட்டு நவாபின் சீமையும் அவ்விதமே போனது. இங்கே ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. அங்கே நாடாளுமன்றம் என்று ஒன்று இருந்ததால் விவாதிக்கவும் வேண்டியிருந்தது, விலை பேசவும் வேண்டியிருந்தது.

என்ன சொல்லி வாதாடினார்கள்?

1798 இறுதியில் டப்ளின் அரசின் துணைச் செயலர் எட்வர்டு குக் பெயர் போடாமல் ஒரு சிறுநூல் எழுதி ஆழம் பார்த்தார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிறுநூல்கள் வந்து குவிந்தன. டிசம்பரில் கூடிய டப்ளின் வழக்கறிஞர்கள் 166க்கு 32 என்ற கணக்கில் இணைப்பை எதிர்த்தார்கள். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நாடாளுமன்றம் போனால் அதைச் சுற்றிப் பிழைக்கும் வழக்கறிஞர் தொழிலும் படுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? அந்த 32 பேரில் பெரும்பாலோர் பின்னாளில் நல்ல பதவிகளில் அமர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருளாதார வாதத்தில் இரு தரப்பும் கையில் எடுத்த உதாரணம் ஸ்காட்லாந்து. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகுதான் ஸ்காட்லாந்து செழித்தது, கிளாஸ்கோவைப் பாருங்கள் என்றது அரசுத் தரப்பு. 1782இல் சுதந்திரம் வாங்கிய பிறகுதான் அயர்லாந்தின் லினன் ஏற்றுமதியும் வேளாண்மையும் வளர்ந்தன, நீங்களே உங்கள் கண்ணால் பார்த்தீர்களே என்றார் சபாநாயகர் ஜான் ஃபாஸ்டர். அவர் வெறும் பேச்சாளர் அல்ல. முன்னாள் நிதியமைச்சர், ஏற்றுமதிக் கணக்குகளை விரல் நுனியில் வைத்திருந்தவர். 1799 ஏப்ரலில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் பேசி, பிட்டின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தார். புள்ளிவிவரத்தில் அவரை வெல்ல அரசுத் தரப்பில் ஆளில்லை என்றே சொல்லலாம்.

ஊருக்கு ஊர் கணக்கு வேறாக இருந்தது. கார்க் நகர வணிகர்கள், டப்ளினின் ஆதிக்கம் தளர்ந்து பிரிட்டிஷ் கடற்படைக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரம் பெருகும் என்று நம்பி இணைப்பை ஆதரித்தார்கள். டப்ளின்வாசிகளுக்கோ அது வாழ்வா சாவா பிரச்சினை. பிரபுக்கள் லண்டனுக்குக் குடிபெயர்ந்தால் அவர்கள் மாளிகைகள் பூட்டிக்கிடக்கும், தையற்காரர் முதல் வண்டி செய்பவர் வரை வேலை இழப்பார்கள் என்று அஞ்சினார்கள். இதில் அதிகம் பேசப்படாத ஒரு தொழில் உண்டு: புத்தக அச்சு. பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்தில் செல்லாது என்பதால், லண்டனில் வெளியான புத்தகங்களை டப்ளின் பதிப்பாளர்கள் மறு அச்சிட்டு மலிவாக விற்றுவந்தார்கள். இணைப்புக்குப் பிறகு 1801இல் வந்த சட்டம் அந்தத் தொழிலை அடியோடு சாய்த்தது. டப்ளின் பயந்தது வீண்பயம் இல்லை.

சட்ட வாதங்களில் கூர்மையானது வில்லியம் கானிங்ஹாம் பிளங்கெட் வைத்தது. உங்களைத் தேர்ந்தெடுத்தது சட்டம் இயற்றுவதற்கு, சட்டமன்றங்களை உருவாக்கவோ ஒழிக்கவோ அல்ல என்றார். மக்கள் கொடுத்த அதிகாரத்தை அவர்களைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கைமாற்ற இந்தச் சபைக்கு உரிமையில்லை; அப்படிச் சட்டம் செய்தால் அது செல்லாது, அயர்லாந்தில் எவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். கேட்க இனிமையான வாதம். ஆனால் 117 பரோக்களின் நிலவரம் தெரிந்தவர்கள், ‘மக்கள் கொடுத்த அதிகாரம்’ என்ற சொற்களைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்திருக்கக்கூடும். மணலில் புதைந்த பேனோ எந்த மக்களின் அதிகாரத்தைக் கொடுத்தது?

முகமூடியைக் கழற்றிப் பேசிய ஒரே ஆள், அயர்லாந்து நீதித்துறையின் தலைவரான லார்டு சான்சலர் கிளேர் பிரபு. 1800 பிப்ரவரி 10 அன்று பிரபுக்கள் சபையில் தன் வகுப்பாரைப் பார்த்தே சொன்னார்: இந்த நாட்டின் நிலமும் அதிகாரமும் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களிடம் இருக்கின்றன, “பறிமுதல்தான் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பட்டா.” நிலத்தை இழந்த பழைய குடிகள் நாற்புறமும் சூழ்ந்து நின்று மனத்துக்குள் குமுறிக்கொண்டிருக்கிறார்கள், இங்கிலாந்தின் துணையன்றி உங்களுக்குப் பாதுகாப்பு ஏது என்று கேட்டார். எதிர்த்தரப்பின் தேசபக்தி முழக்கம் அனைத்தையும் இந்த ஒரு பேச்சு ஊதித் தள்ளியது. அத்தனை விவாதத்திலும் உண்மைக்கு மிக அருகே போனவர், அயர்லாந்து மக்களால் மிக அதிகமாக வெறுக்கப்பட்ட அந்த மனிதர்தான்.

குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்த அணிகள்

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. இணைப்பை ஆதரித்தவர்கள் ஓர் அணி, எதிர்த்தவர்கள் ஓர் அணி என்று பார்த்தால் படம் எளிது. கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை தரலாமா என்ற கேள்வியை இடையில் போட்டுப் பாருங்கள்; இரண்டு அணிகளும் நடுவில் பிளந்துவிடும்.

காரன்வாலிஸ் உரிமை தர வேண்டும் என்ற கட்சி. கிளேர் பிரபுவோ, தரவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவர். இருவரும் இணைப்புக்கு ஆதரவு. கிராட்டன் உரிமை தர வேண்டும் என்றவர், ஃபாஸ்டர் கூடாது என்றவர். இருவரும் இணைப்புக்கு எதிர்ப்பு. வெளியேயும் இதே குழப்பம்தான். புராட்டஸ்டண்ட் மேலாண்மைக்காகவே உருவான ஆரஞ்சு சங்கத்தின் தலைமை, உறுப்பினர்களை நடுநிலை வகிக்கச் சொன்னது. பல கிளைகள் அதைக் கேட்காமல் இணைப்புக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. கத்தோலிக்க ஆயர்களில் பெரும்பாலோர் இணைப்பை ஆதரித்தார்கள். இளம் வழக்கறிஞர் டேனியல் ஓ’கானல் 1800 ஜனவரியில் தன் முதல் மேடைப் பேச்சில் அதை எதிர்த்தார்: இணைப்பா, கத்தோலிக்கரை ஒடுக்கிய பழைய கொடுஞ்சட்டங்களா என்று கேட்டால், அந்தச் சட்டங்களையே திரும்ப ஏற்போம் என்றார். தோற்றுப்போன கிளர்ச்சியாளர்களில் சிலரோ, அந்த ஊழல் சபை ஒழிந்தால் நல்லதுதானே என்று தோளைக் குலுக்கிக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? எண்ணிக்கைதான் காரணம். டப்ளின் சபையைக் கத்தோலிக்கர்களுக்குத் திறந்துவிட்டால், பெரும்பான்மையான அவர்கள் ஒருநாள் அந்தச் சபையையே கைப்பற்றுவார்கள். பறிமுதல் செய்த நிலங்களைத் திருப்பிக் கேட்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் திறந்துவிட்டால் 658 பேரில் அவர்கள் ஒரு சிறு குழு, ஆபத்தில்லை. எனவே உரிமை தர விரும்பியவர்கள், இணைப்பு நடந்தால் பயமின்றித் தரலாம் என்று கணக்குப் போட்டார்கள். தர விரும்பாதவர்களும் அதே எண்களை வைத்துக்கொண்டு, இணைப்பு நடந்தால் கத்தோலிக்கர்கள் என்றென்றும் சிறுபான்மை, எதையும் தர வேண்டிய கட்டாயமே வராது என்று கணக்குப் போட்டார்கள். ஒரே சட்டம், நேர் எதிரான இரண்டு ஆசைகள்.

அரசுக்கு இரு தரப்பின் வாக்குகளும் தேவை. ஆகவே சட்டத்தில் கத்தோலிக்க உரிமை பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் கிளேர் வகையறா போய்விடும். மறுத்தால் ஆயர்கள் போய்விடுவார்கள். 1799 இலையுதிர் காலத்தில் லண்டன் சென்ற காசில்ரே, அமைச்சரவை கொள்கை அளவில் உரிமைக்கு ஆதரவாகவே இருக்கிறது என்ற சேதியோடு திரும்பினார். அதைக் கொண்டு கத்தோலிக்கர்களின் நல்லெண்ணத்தைக் காரன்வாலிஸ் சம்பாதித்தார். வெளிப்படையாக உறுதி எதுவும் சொல்லவில்லை. நம்பிக்கை வளரும்படி விட்டுவிட்டார். மன்னரின் சம்மதத்தை மட்டும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

விலைப் பட்டியல்

1799 ஜனவரி 22 அன்று சபை கூடியது. இணைப்பைக் குறிப்பால் உணர்த்திய வைஸ்ராய் உரைக்கு எதிரான திருத்தம் முதல் நாள் 106க்கு 105 என ஒரே வாக்கில் தோற்றது. இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதியையே சபை ஐந்து வாக்கு வித்தியாசத்தில் நீக்கிவிட்டது. டப்ளினில் வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். எதிர்த்த நிதியமைச்சர் சர் ஜான் பார்னெலின் பதவி ஏற்கெனவே பறிபோயிருந்தது.

காசில்ரே சோர்ந்துபோகவில்லை. எதிர்க்கும் பிரபுக்களின் அச்சம் என்ன என்று பட்டியல் போட்டார். பரோவை வைத்திருப்பவருக்கு அது சொத்து; சொத்துக்கு நஷ்டஈடு வேண்டும். திட்டத்தைத் திருத்தினார்கள். ஒழிக்கப்படும் 84 பரோக்களுக்கும் தலா 15,000 பவுண்டு, மொத்தம் 12,60,000 பவுண்டு. ஆதரித்தவர், எதிர்த்தவர் என்ற பாகுபாடு இல்லை. கடைசிவரை எதிர்த்த டவுன்ஷயர் பிரபு, தன் துணைப்படை வீரர்களிடமே எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கியதற்காகப் பதவிகளை இழந்தார். ஆனாலும் ஏழு இடங்களுக்காக 52,500 பவுண்டு பெற்றுக்கொண்டார். பேனோவின் மணல்மேட்டுக்கும் 15,000 கிடைத்தது. இதை லஞ்சம் என்று சொல்ல முடியாது என வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எதிரிக்கும் கொடுத்தார்கள் என்பதால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாடாளுமன்ற இடம் என்பது விலைபோகும் பண்டம் என்று அரசே முத்திரை குத்தியதைவிட லஞ்சம் மேலானதோ என்றும் எனக்குத் தோன்றுகிறது. 1832இல் இங்கிலாந்து தன் உளுத்துப்போன பரோக்களை ஒழித்தபோது சல்லிக்காசு நஷ்டஈடு தரவில்லை.

பட்டங்களும் தாராளமாக வழங்கப்பட்டன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அயர்லாந்துப் பட்டம் இரண்டாம் தரம். பிரிட்டிஷ் பட்டம் இருந்தால்தான் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுக்கள் சபையில் நேரடி இடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய பெருமிதத்தில் இருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்டு வெல்லெஸ்லிக்கு 1799இல் அயர்லாந்தின் மார்க்குவிஸ் பட்டம் கிடைத்தபோது, அது தங்க முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று கல்கத்தாவிலிருந்து பொருமினார். காசில்ரே வீசிய உயர்ந்த தூண்டில் பிரிட்டிஷ் பட்டம்தான்.

மனசாட்சி இடம் கொடுக்காத உறுப்பினர்கள் பெயரளவு அரசுப் பதவி ஒன்றை ஏற்று இடத்தைக் காலி செய்யலாம். பரோ உரிமையாளர் அந்த இடத்தில் புது ஆளைப் போட்டுக்கொள்வார். இவ்வழியில் முகங்கள் மாறின. இதற்கெல்லாம் மேலாக, லண்டனின் ரகசிய நிதியிலிருந்து 30,000 பவுண்டுக்கு மேல் சட்டவிரோதமாக டப்ளினுக்கு வந்ததை 1990களில் வெளியான ஆவணங்கள் காட்டின. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் நிதி திரட்டி இடங்களை வாங்கினார்கள். எல்லோரையும்விடத் தன் கைக் கறையை நன்கு அறிந்தவர் காரன்வாலிஸ். 1799 ஜூனில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வானத்தின் கீழ் உள்ளவர்களிலேயே மிகவும் ஊழல் மலிந்தவர்களோடு பேரம் பேசுவதுதான் தன் வேலையாகிவிட்டது என்றும், இந்த அழுக்கு வேலையில் இறங்கியதற்காக ஒவ்வொரு மணி நேரமும் தன்னையே வெறுப்பதாகவும் புலம்பினார். இணைப்பு நடக்காவிட்டால் பிரிட்டிஷ் பேரரசே சிதறிவிடும் என்ற எண்ணம்தான் தன்னைத் தாங்குகிறது என்றும் எழுதினார்.

கடைசி அமர்வு

1800 ஜனவரி 15 இரவு தொடங்கிய விவாதம் விடிய விடிய நீண்டது. அதற்குச் சற்றுமுன்தான் விக்லோ பரோவின் காலியிடம் ஒன்று கிராட்டனுக்காக விலைக்கு வாங்கப்பட்டிருந்தது. சுதந்திர நாடாளுமன்றத்தின் நாயகரும் காசு கொடுத்து வாங்கிய இடத்தில்தான் உள்ளே வந்தார்! நோயில் துவண்டிருந்தவர் பழைய தொண்டர் படையின் சீருடையில் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, நிற்க முடியாமல் அமர்ந்தபடியே இரண்டு மணி நேரம் பேசினார். வாக்கெடுப்பில் 138க்கு 96 என அரசு வென்றது. பேச்சால் ஒரு வாக்கும் அசையவில்லை. பிப்ரவரியில் புதிய நிதியமைச்சர் ஐசக் காரி அவரைத் துரோகி என்று சபையில் சாட, விஷயம் துப்பாக்கிச் சண்டைக்குப் போனது. காரியின் கையில் குண்டு பாய்ந்தது. தேர்தல் வைத்து மக்களைக் கேளுங்கள் என்ற கோரிக்கையை அரசு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. 1801 ஜனவரி 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. எட்டுப் பிரிவுகள். காமன்ஸில் அயர்லாந்துக்கு 100 இடங்கள். பிரபுக்கள் சபையில் 28 பிரபுக்களும் சுழற்சி முறையில் நான்கு ஆயர்களும். ஐந்தாம் பிரிவு இரு நாட்டுப் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளை “என்றென்றைக்கும்” ஒன்றாக்கியது. ஆறாம் பிரிவு வணிகத்தில் இரு தீவினருக்கும் சமநிலை என்றது. ஏழாம் பிரிவின்படி செலவில் பிரிட்டன் 15 பங்கு, அயர்லாந்து 2 பங்கு. இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே மிஞ்சிய தொகுதிகளில் யார் லண்டன் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள்.

சபைகள் இணைந்தன, நிர்வாகம் இணையவில்லை. டப்ளின் கோட்டையில் வைஸ்ராய் அப்படியே இருந்தார், தலைமைச் செயலரும் இருந்தார். ஸ்காட்லாந்துக்கு அமையாத இந்தக் குடியேற்ற நாட்டு பாணி ஆட்சி 1922 வரை நீடித்தது. நாடாளுமன்றக் கட்டடத்தை 1803இல் அயர்லாந்து வங்கி 40,000 பவுண்டுக்கு வாங்கியது.

எழுதாமல் விட்ட வரி

சட்டம் அமலுக்கு வந்த அதே ஜனவரி 1 அன்று காசில்ரே பிட்டுக்குக் கடிதம் எழுதி, கத்தோலிக்கர்களுக்கு ஊட்டிய நம்பிக்கையை நினைவூட்டினார். மன்னர் காதுக்கு விஷயம் எட்டியது. மாத இறுதியில் அரண்மனை வரவேற்பில், இந்த யோசனையைக் கொண்டுவருபவர் எவரும் என் தனிப்பட்ட எதிரி என்று மூன்றாம் ஜார்ஜ் வெடித்தார். புராட்டஸ்டண்ட் திருச்சபையைக் காப்பதாக முடிசூட்டு விழாவில் செய்த சத்தியத்தை மீற மாட்டாராம். பிட் பதவி விலகினார். காரன்வாலிஸும் காசில்ரேயும் விலகினார்கள். கிளேரின் கணக்கு பலித்தது, காரன்வாலிஸின் கணக்கு பொய்த்தது. கத்தோலிக்கர்களுக்கு அந்த உரிமை கிடைக்க 1829 ஆனது. அதுவும் ஓ’கானல் லட்சக்கணக்கானவர்களைத் திரட்டி அரசைப் பணியவைத்த பிறகு. அரசே முன்வந்து கொடுத்திருந்தால் இணைப்புக்கு நன்றி கிடைத்திருக்கும். போராடி வாங்கியதால் இணைப்பை எதிர்க்கும் படை கிடைத்தது. அதே ஓ’கானல் அடுத்துக் கையில் எடுத்தது இணைப்பை ரத்து செய்யும் இயக்கம்.

15க்கு 2 என்ற செலவுப் பங்கும் அயர்லாந்தை முறித்தது. நெப்போலியன் போர்ச் செலவில் அதன் கடன் சுமார் நான்கு மடங்காகி, 1817இல் தனிக் கருவூலமே மூடப்பட்டது.

வாதாடியவர்கள் என்ன ஆனார்கள்? இந்தச் சட்டம் செல்லாது என்ற பிளங்கெட், 1803இல் அதே அரசின் வழக்கறிஞராகக் கிளர்ச்சித் தலைவர் ராபர்ட் எம்மெட் மீதான ராஜதுரோக வழக்கை நடத்தினார். பின்னாளில் அயர்லாந்தின் லார்டு சான்சலர் ஆனார். ஃபாஸ்டர் 1804இல் மீண்டும் நிதியமைச்சர். கிராட்டனும் 1805இல் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய் அமர்ந்தார்.

“என்றென்றைக்கும்” என்ற ஐந்தாம் பிரிவு 69 ஆண்டுகள் தாங்கியது. 1869இல் வெஸ்ட்மின்ஸ்டரே அயர்லாந்துத் திருச்சபையைப் பிரித்து அரசுத் தொடர்பிலிருந்து விலக்கியது. ஆறாம் பிரிவு நமது காலம் வரை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பின், பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குள் வரும் சரக்குகளுக்குச் சோதனை என்ற ஏற்பாட்டை எதிர்த்து அங்குள்ள இணைப்பு ஆதரவாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1800இல் இணைப்பை எதிர்த்துத் தீர்மானம் போட்ட வடபகுதிப் புராட்டஸ்டண்டுகளின் அரசியல் வாரிசுகள் இவர்கள். இவர்கள் கையில் எடுத்த ஆயுதம் அந்த 1800ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. பிற்காலச் சட்டம் அந்தப் பிரிவை அந்த அளவுக்கு மாற்றிவிட்டது என்று கூறி, 2023 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.